வருகிறவரைக் கவனிக்கணும்

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறேன். இப்போது ஷேக்ஸ்பியரின் மேக்பெத், முதல் அங்கம். கல்லூரியில் இதே நாடகத்துக்கு கைடைப் படித்துவிட்டு, ‘பேராசை மேக்பெத்தை அழித்தது’ என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். மூலத்தை வரி வரியாகப் படிப்பது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அத்தை முருங்கைக்கீரை ஆயும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அன்று படித்த காட்சியைத் தமிழில் சொல்வேன். சூனியக்காரிகளும் போர்க்களமும் அவரை அவ்வளவாக இழுக்கவில்லை. நாலாவது காட்சியில்தான் நிமிர்ந்தார். துரோகம் செய்து மரணதண்டனை பெற்ற காடர் பிரபுவைப் பற்றி அரசர் டங்கன் சொல்கிறார்: முகத்தைப் பார்த்து மனசை அறிய ஒரு வித்தையும் இல்லை, அவனை நான் முழுசாக நம்பியிருந்தேன். சொல்லி வாய் மூடவில்லை, மேக்பெத் உள்ளே வருகிறான். அந்தக் காடர் பட்டம் இப்போது அவனுக்கு. “ஐயோ, அடுத்த ஆளா?” என்றார் அத்தை.

அடுத்தது கடிதம். தான் அரசனாவேன் என்று சூனியக்காரிகள் சொன்னதை மனைவிக்கு எழுதுகிறான். “கூட வந்தவனோட பிள்ளைங்களும் ராஜாவாகும்னு சொன்னாளுங்களே, அதை எழுதலையாம்மா?” என்று அத்தை கேட்டார். புரட்டிப் பார்த்தேன். நம் காதில் விழும் பகுதியில் அந்தக் கூட வந்தவன், பேங்க்வோவின் பெயரே இல்லை. இரண்டு தடவை படித்தும் என் கண்ணில் படாதது, கேட்டுக்கொண்டிருந்தவருக்குப் பட்டிருக்கிறது.

அன்றிரவே மேக்பெத்தின் வீட்டுக்கு டங்கன் விருந்தாளியாக வருகிறார். அதற்கு லேடி மேக்பெத் சொல்லும் ஒரு வரியை யோசிக்காமல் இப்படிச் சொன்னேன்: “வருகிறவரைக் கவனிக்கணும்.” அத்தையின் கை கீரைக் காம்பில் அப்படியே நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இலை போட்டுப் பரிமாறுவதும் கவனிப்புதான். ‘ஆளைக் கவனிச்சுட்டாங்க’ என்பதும் கவனிப்புதான். ஆங்கில வரியிலும் அதே இரண்டு முகம் இருக்கிறது. தமிழில் என் வாயில் வந்த பிறகுதான் அதன் குளிர் எனக்குத் தெரிந்தது.

ஏழாவது காட்சியை விட்டு இன்னும் என்னால் நகர முடியவில்லை. பணியாட்கள் உணவுத் தட்டுகளோடு மேடையைக் கடந்து போகிறார்கள். விருந்தாளி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்காரன் பந்தியை விட்டு எழுந்து வந்து தனியாக நின்று பேசுகிறான். நான் அவருக்குச் சொந்தக்காரன், அவருடைய குடிமகன்; அதற்கும் மேல் விருந்தளிப்பவன், கொலைகாரன் நுழையாமல் கதவை அடைக்க வேண்டியவன். நானே கத்தியைத் தூக்குவதா? என்னைத் தூண்டுவது ஆசை ஒன்றுதான், அதுவும் எகிறிக் குதித்து மறுபக்கம் போய் விழுகிற ஆசை என்கிறான். கைடு குற்றச்சாட்டாக எடுத்துக்காட்டும் இந்த வரியை, வேண்டாம் என்பதற்கான காரணமாக அவன் வாயாலேயே சொல்கிறான்! மனைவி வந்ததும், இந்தக் காரியத்தில் இனி மேலே போக வேண்டாம் என்று முடிவையும் சொல்லிவிடுகிறான்.

அவள் அவனுடைய ஆண்மையைத் தொட்டுப் பேசுகிறாள். ஒரு பக்கம்கூட நிற்கவில்லை அந்த முடிவு. ‘தோற்றுவிட்டால்?’ என்று கேட்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதில் ஆங்கிலத்தில் இரண்டே சொல். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பான 1623 முதல் ஃபோலியோவில் அதன் பின்னால் கேள்விக்குறி. பிந்தைய பதிப்புகள் சிலவற்றில் ஆச்சரியக்குறி, சிலவற்றில் முற்றுப்புள்ளி. நடிகை சாரா சிடன்ஸ் மூன்று விதமாகவும் சொல்லிப் பார்த்து, கடைசியில் முற்றுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தாராம். நானும் அடுக்களையில் சொல்லிப் பார்த்தேன். ‘நாம் தோற்பதா?’ என்றால் மிரட்டல். ‘தோற்றால் தோற்றோம்’ என்றால் வயிற்றைக் கலக்குகிறது. எனக்கும் இரண்டாவதுதான்.

தேர்வில் இந்த முறையும் பேராசையைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் அந்த ‘வேண்டாம்’ பற்றி எழுதப் போகிறேன்.

முதல் அங்கம் முடிந்தது என்றேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்த ராஜா சாப்பிட்டு எழுந்தாச்சா?”

“முடிக்கிற நேரம்தான் அத்தை.”