மூத்த டி.பி.பி.யின் மேசைக்குப் போகும் கோப்பு

சுங்கை சிப்புட் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கு என்றால், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வரும் குடும்பத்தார் முதலில் விசாரிப்பது மாஜிஸ்திரேட் எப்படிப்பட்டவர் என்பதைத்தான். அடுத்து வழக்கறிஞர் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். விசாரணைக் கோப்பை அரசுத் தரப்பில் யார் படித்தார், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் குற்றம் சாட்டலாம் என்று யார் முடிவு செய்தார் என்ற கேள்வியை, வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலமாகக் கிராணி வேலை பார்த்துவரும் நான் அவர்கள் வாயிலிருந்து அநேகமாகக் கேட்டதே இல்லை. ஆனால் பல வழக்குகளின் போக்கு அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. அதனால்தான் அரசுத் தரப்பு அலுவலகத்தில் மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் மூத்த டி.பி.பி.யை, அதாவது மூத்த துணை அரசு வழக்கறிஞரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

இந்த அதிகாரத்தின் ஊற்று மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது விதியில் இருக்கிறது. ஒரு குற்றத்துக்காக வழக்குத் தொடுப்பதும், நடத்துவதும், இடையில் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை என்று அதன் மூன்றாம் உட்பிரிவு கூறுகிறது. ஷரியா நீதிமன்றமும், சபா சரவாக்கின் சுதேசி நீதிமன்றமும், இராணுவ நீதிமன்றமும் மட்டுமே அதற்கு விலக்கு. நாடு முழுவதும் நடக்கும் வழக்குகளை ஒரே மனிதர் பார்க்க முடியாது என்பதால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 376ஆவது பிரிவு அவருக்குக் கீழே துணை அரசு வழக்கறிஞர்களை, அதாவது நாம் டி.பி.பி. என்று சொல்பவர்களை, நியமிக்கவும், அவர்களுள் சிலரை மூத்தவர்களாகக் குறிக்கவும் வழிசெய்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நாம் பார்க்கும் போலீஸ் இன்ஸ்பெக்டர்கூட, 377ஆவது பிரிவின்படி எழுத்துமூல அனுமதி பெற்று, அரசுத் தரப்பின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத்தான் வழக்கை நடத்துகிறார். புத்ராஜெயாவிலிருந்து மாநிலத் தலைநகருக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும் இறங்கிவரும் இந்த ஏணியில், இளைய டி.பி.பி.க்களின் கோப்புகளைப் படித்துத் திருத்துபவரே என் கணக்கில் மிகப் பெரிய பொறுப்பைச் சுமப்பவர்.

வழக்கு ஒன்றைச் சொன்னால் விளங்கும். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலைசெய்து ஓய்வு பெற்ற முதியவர், மோட்டார் சைக்கிளில் இரண்டு சாக்கு உதிரிப் பழம் ஏற்றிக்கொண்டு போனபோது காவலாளியால் நிறுத்தப்பட்டார். தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவின் கீழ் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பழம் தோட்டத்தினுடையது அல்ல, பக்கத்தில் தம் மருமகன் வைத்திருக்கும் சிறு நிலத்தில் பொறுக்கியது என்று முதியவர் முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தார். குற்றம் சாட்டப்படுவதற்கு முன்பே எங்கள் வழக்கறிஞர் அரசுத் தரப்புக்குப் பிரதிநிதித்துவ மனு, அதாவது எங்கள் பக்க விளக்கத்தைப் பரிசீலிக்கக் கேட்கும் கடிதம், எழுதினார். நிலவரி ரசீதையும், பழம் விற்பதற்கான உரிமத்தின் நகலையும் இணைத்து அனுப்பினோம். சில வாரங்கள் கழித்து மூத்த டி.பி.பி. நேரில் வரச் சொன்னார். கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் உடன் போனேன்.

அந்த அம்மையார் கோப்பை முன்கூட்டியே படித்திருந்தார் என்பது ஓரங்களில் இருந்த பென்சில் குறிப்புகளைப் பார்த்தபோதே தெரிந்தது. எங்களிடம் அதிகம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய டி.பி.பி.யிடம் மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். சாக்குகளின் புகைப்படம் காவல் நிலையத்தில் எடுக்கப்பட்டிருக்கிறதே, பிடிபட்ட இடத்தில் எடுத்த படம் எங்கே? விசாரணை அதிகாரி வரைந்த படத்தில் சாலைச் சந்திப்பு மட்டும் இருக்கிறது, தோட்டத்தின் எல்லைக்கல் எந்தப் பக்கம்? காவலாளி இவரைச் சாலையில்தான் பார்த்தேன் என்கிறார், மரத்தடியில் பார்த்தவர் யார்? பழத்தை நிறுத்துப் பார்த்தார்களா, சீட்டு இருக்கிறதா? இளையவர் தயங்கிவிட்டு, ‘புவான், அவர் போலீசிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார்’ என்றார். அதற்கு அம்மையார் குரலை உயர்த்தாமல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆவது பிரிவை எடுத்துப் படிக்கச் சொன்னார். காவல் விசாரணையின்போது சந்தேக நபர் போலீசிடம் சொன்னதை அவருக்கு எதிரான சாட்சியமாக அரசுத் தரப்பு பயன்படுத்த முடியாது என்பது அந்தப் பிரிவின் சாரம். பிறகு, மருமகனின் நிலத்துக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று கோப்பின் மேலேயே எழுதி, கையெழுத்திட்டு, விசாரணை அதிகாரிக்குத் திருப்பி அனுப்பினார். முதியவர்மேல் கடைசிவரை குற்றம் சாட்டப்படவே இல்லை.

அந்த அறையில் நடந்ததற்கு ஊடக வெளிச்சம் கிடையாது. ஆனால் அந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் போயிருந்தால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத இன்னொரு முதியவர், அபராதம் கட்டிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணி முதல் நாளிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார். அப்படி ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இலவச வழக்கறிஞர்களைத் தந்துவருவது பெரிய ஆறுதல். இருந்தாலும் தகுதியற்ற வழக்கை நீதிமன்ற வாசலுக்கு வரவிடாமல் தடுக்கக்கூடிய முதல் ஆள் அரசுத் தரப்பிலேயே இருக்கிறார். அவர் தம் வேலையை நேர்மையாகச் செய்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது.

போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் கையெழுத்தின் கனம் இன்னும் கூடுகிறது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி, 50 கிராமோ அதற்கு மேலோ சியாபு எனப்படும் மெத்தாம்பெட்டமின் ஒருவர் கைவசம் இருந்தது என்று நிரூபிக்கப்பட்டால், அவர் கடத்தல்காரர் என்ற அனுமானம் எழுகிறது. கடத்தல் குற்றத்துக்கான 39பி பிரிவின் கீழ் ஜாமீன் கிடையாது. அரசுத் தரப்பின் இசைவு இல்லாமல் வழக்குத் தொடுக்கவும் முடியாது. பிடிபட்ட பையன் ரிமாண்டிலேயே இருக்க, இரசாயனத் துறையின் அறிக்கைக்காக வழக்கு தேதி தேதியாகத் தள்ளிப்போகும். பொட்டலத்தோடு சேர்த்த எடையா, தூளின் நிகர எடையா, பறிமுதல் செய்தபோது போட்ட முத்திரைக் குறி இரசாயன அறிக்கையில் உள்ள குறியோடு பொருந்துகிறதா, வீட்டில் நால்வர் இருந்தபோது சாவி யாரிடம் இருந்தது என்பதையெல்லாம் மூத்த டி.பி.பி. பொறுமையாகப் பார்த்தால், 39பி என்று தொடங்கிய வழக்கு கைவசம் வைத்திருந்த குற்றத்துக்கான 12(2) ஆகக் குறைவதுண்டு. அதற்குரிய 39ஏ(2) பிரிவில் குறைந்தபட்சம் ஐந்தாண்டுச் சிறையும் 10 பிரம்படியும் உண்டு. அதுவும் இலேசான தண்டனை அல்ல. 39பி குற்றத்துக்கு இருந்த கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் அகற்றப்பட்டு, மரணமா ஆயுளா என்பதை நீதிபதி முடிவு செய்யும் நிலை வந்திருக்கிறது. எந்தக் குற்றச்சாட்டு என்ற முடிவு மட்டும் இன்றும் அரசுத் தரப்பின் கையில்தான். ஒரே சாட்சியங்களின் மேல் முப்பதாண்டு ஆயுள் சிறைக்கும் ஐந்தாண்டுச் சிறைக்கும் இடையிலான வேறுபாடு ஒருவரின் கவனத்தில் தொங்குகிறது என்பதை நினைக்கும்போது, அவருக்கு எத்தனை கோப்புகளைக் கொடுக்கிறோம், படிக்க எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பது அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றே கருதுகிறேன்.

மேற்பார்வை என்றால் வழக்குகளைக் குறைப்பது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சில வழக்குகளை விடாமல் பிடித்திருப்பதும் அதே வேலைதான். கணவன் அடித்ததாகப் புகார் கொடுத்த பெண், மாமியார் வீட்டாரும் கோயில் கமிட்டியாரும் பேசி முடித்தபின், எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ‘புகாரை மீட்டுக்கிட்டேன் கிராணி, கேஸ் முடிஞ்சிருச்சுதானே’ என்று கேட்பது வாடிக்கை. முடியவில்லை. புகார் கொடுத்தவர் மனம் மாறினாலும் வழக்கைத் தொடர்வதா வேண்டாமா என்பது அரசுத் தரப்பின் முடிவு. நல்ல மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, உடன் வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லி, அவள் சொந்த விருப்பத்தில்தான் பேசுகிறாளா என்று அறிந்த பிறகே முடிவெடுப்பார். அவசரப்படுபவர் மீட்புக் கடிதத்தைக் கோப்பில் வைத்துத் தைத்துவிடுவார். இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகை முடிவுக்குப் பிறகு அதே பெண் மறுபடியும் மருத்துவமனையில் படுத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பதும் அவர் பொறுப்பில் வருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி, விசாரணை தொடங்குமுன் அரசுத் தரப்பு முதல் தகவல் அறிக்கையையும் ஆவணங்களையும் கொடுப்பதோடு, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மைகள் ஏதும் இருந்தால் அவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை இளையவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவதும், மேலே இருப்பவர் திருப்பி அனுப்பி எழுதவைப்பதும் அந்த அலுவலகத்தின் தரத்தைக் காட்டிவிடும்.

இந்த வேலையில் ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015 செப்டம்பரில் துணை அரசு வழக்கறிஞர் கெவின் மொராயிஸ் காணாமல் போய், பின்னர் சுபாங் ஜெயாவில் சிமெண்ட் நிரப்பிய பீப்பாயில் சடலமாக மீட்கப்பட்டதை நாடு மறந்திருக்காது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, நீதிமன்ற வளாகத்தில் கோப்புகளை அணைத்தபடி நடந்துபோகும் இளைய டி.பி.பி.க்களின் மேல் எனக்குள்ள மரியாதை கூடியிருக்கிறது.

மரியாதை இருப்பதாலேயே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அரசுத் தரப்பு எடுக்கும் முடிவுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் போதவில்லை. சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை மிக விரிவானது என்று 1974இல் லோங் பின் சமாட் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விருப்புரிமையும் வரம்பற்றது அல்ல, அரிதான சூழலில் நீதிமன்றம் அதைச் சீராய்வு செய்யலாம் என்று 2021இல் சுந்தர ராஜூ வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. மேல்மட்டத்தில் சட்டம் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. கீழே, மேல் நடவடிக்கை இல்லை என்று முடிவான செய்திகூடச் சம்பந்தப்பட்டவருக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. உதிரிப் பழ வழக்கின் முதியவர், கோப்பு மூடப்பட்ட பின்னும் போலீஸ் ஜாமீனை நீட்டிப்பதற்காகப் பேருந்து ஏறி நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். எங்கள் வழக்கறிஞர் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. முடிவெடுத்தவரின் ஒரு பக்கக் கடிதம் அவருக்குப் போயிருந்தால் அத்தனை நாள் மனவேதனை மிச்சமாகியிருக்கும்.

2023 செப்டம்பர் 4இல் துணைப் பிரதமர் அகமட் ஜாஹிட் ஹமிடி மீதான 47 குற்றச்சாட்டுகளில், அரசுத் தரப்பின் விண்ணப்பத்தின் பேரில், விடுதலைக்கு நிகராகாத, பின்னர் மறுபடியும் குற்றம் சாட்ட இடம் வைக்கும் விடுவிப்பு, அதாவது டி.என்.ஏ.ஏ., வழங்கப்பட்டபோது, சட்டத்துறைத் தலைவர் பதவியையும் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர் பதவியையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அரசாங்கத்தின் ஆலோசகரும், குற்றம் சாட்டும் அதிகாரியும் ஒரே மனிதராக இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் உச்சியில் பதவியைப் பிரித்தால் மட்டும் தோட்டத்துக் குடும்பத்தின் வழக்கில் மாற்றம் வந்துவிடாது. மாநில, மாவட்ட அலுவலகங்களில் கோப்பைப் படிக்கும் மூத்தவருக்குப் போதிய ஆட்களும், முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தரும் கடமையும் சேர்ந்து வர வேண்டும்.

அதுவரை நம் பக்கத்தில் செய்யக்கூடியவை உள்ளன. புகார் கொடுத்தவர், கைதாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், நான்கு வாரம் கழிந்தபின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின் கீழ் விசாரணையின் நிலையைக் கேட்டு எழுதலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அரசுத் தரப்பிடம் முறையிடலாம். சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்படுபவரின் குடும்பத்தார், பிரதிநிதித்துவ மனுவை விசாரணைத் தேதி நெருங்கும்வரை தள்ளிப்போடாமல் முன்னதாகவே அனுப்ப வேண்டும். அழுது எழுதும் பக்கங்களைவிட, சம்பவ நேரத்தில் அவர் வேறு இடத்தில் இருந்ததைக் காட்டும் வேலைப் பதிவேடோ, மருத்துவச் சீட்டோ, நில ஆவணமோ மூத்த டி.பி.பி.க்கு உதவும். மனுவில் போலீஸ் புகார் எண்ணும், அடையாள அட்டை எண்ணும், வழக்கு பதிவாகியிருந்தால் வழக்கு எண்ணும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். முகப்பில் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனு வந்து சேரவில்லை என்று பின்னால் சொல்லப்பட்டால் அந்த நகலைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.