உயிர் இறாலும் ரப்பர் மீனும்: பாலமீன்மடுவில் இரண்டு நாள்

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி, விடியும்போது மட்டக்களப்பில் இறங்கினேன். தோளில் தூண்டில் கம்பு, பையில் இரைக்குப் பதிலாக முள்ளில் மாட்டுகிற இருபது ரப்பர் மீன். நண்பனுடைய மாமா மட்டக்களப்பு வாவிக் கரையில், பாலமீன்மடுவில் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே வாவியில் தொழில். கம்பு, ரீல் எதுவும் அவரிடம் இல்லை. போத்தலில் சுற்றிய தங்கூசி என்கிற நைலோன் நூலும் தூண்டில் முள்ளும்தான். கொடுவா மீனுக்கு உயிர் இறாலைப் போல வேறு இரை கிடையாது என்பது அவர் கட்சி.

மாசி மாதம். மாரி வெள்ளத்துக்கு வெட்டிய முகத்துவாரம் இன்னும் மூடவில்லை. வாவித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற அந்த வாசலில்தான் கொடுவா நிற்கும்.

அன்றிரவே இறால் பிடிக்கப் போனோம். டோர்ச் அடித்தால் இறாலின் கண்கள் தண்ணீருக்குள் சிவப்பாக மின்னுகின்றன. மாமா அத்தாங்கை, அதாவது கைவலையை, எப்போதும் இறாலுக்குப் பின்னால்தான் வைப்பார். முன்னால் காலால் கலக்கினால் போதும், அது பின்பக்கமாகப் பாய்ந்து தானே வலைக்குள் விழும்.

காலையில் அவர் முள் குத்தியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இறாலின் தலையில் கொம்புக்குக் கீழே, ஓட்டுக்குள் ஒரு கறுப்புப் பொட்டுத் தெரியும். "அதில பட்டா செத்துப்போகும் மனே" என்றார். பொட்டுக்கு முன்னால், ஓட்டை மட்டும் பிடித்தபடி முள் போனது. இறால் உதைத்துக்கொண்டே இருந்தது. தங்கூசியை என் விரலில் வைத்தார். அந்தத் துடிப்பு கைக்கே வந்தது.

முதல் நாள் முழுக்க அவர் பக்கம்தான். தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. கொடுவா துரத்தவில்லை, வாய்க்கு அருகில் வந்ததை மட்டும் உறிஞ்சியது. ஓரிடத்தில் நின்று உதைக்கிற இறாலுக்கு முன்னால் ஓடுகிற ரப்பர் மீன் எடுபடவில்லை. மாமாவுக்கு இரண்டு கொடுவா. என் ரப்பர் மீன்கள் நான்கின் வாலைப் பேத்தை மீன் கடித்துக்கொண்டு போனது, கத்தரியால் வெட்டினது போல. கடித்த மிச்சத்தைத் தண்ணீரில் வீச எனக்கு மனம் வராது. அது உக்காது. எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் தோணியில் கண்டல் மரங்களின் ஓரமாகப் போனோம். அங்கே தண்ணீர் தெளிந்திருந்தது. ஆனால் வெயில் ஏற ஏற வாளியிலிருந்த இறால் ஒவ்வொன்றாக வெள்ளையாகிச் செத்தது. சரி, ரப்பரைப் போடலாம் என்றேன். இந்த வாவி 56 கிலோமீட்டர் நீளம். இதில் மீன் நிற்கும் இடத்தைத் தேட உயிர் இரை தோதுப்படாது. ரப்பர் மீனை வேரடி, மணல் திட்டு, ஓட்டம் திரும்புகிற முனை என்று ஒரு மணி நேரத்தில் நூறு இடத்துக்கு எறியலாம்.

பத்துக் கிராம் ஈயத் தலை முள். ரப்பரில் முள் நேராக ஏற வேண்டும். கொஞ்சம் கோணினாலும் தண்ணீரில் சுழலும், மீன் திரும்பியும் பார்க்காது. எறிந்து அடியில் படவிட்டு, கம்பை இரண்டு தரம் மெல்லத் தூக்கி, மறுபடி விழவிட்டேன். விழும்போதுதான் கொடுவா அடிக்கும். மூன்றாவது மரத்தடியில் "டக்" என்று ஒரு அடி. அப்புறம் தண்ணீரை உடைத்துக்கொண்டு முழு மீனும் மேலே வந்து தலையை உதறியது. செவுள் மூடி கத்திபோல இருக்கும், மெல்லிய தங்கூசி என்றால் அதிலேயே அறுந்திருக்கும். முன்னால் ஒரு முழம் தடித்த தங்கூசி முடிந்திருந்ததால் தப்பியது.

எட்டுக் கிலோவாவது இருக்கும். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன். இந்த அளவில் அநேகமாக முட்டை மீன்தான். முள் கடைவாயில் மட்டும் குத்தியிருந்தது. முந்தின நாள் மாமாவின் மீன் ஒன்று இறாலை வயிறுவரை விழுங்கியிருந்தது. விட நினைத்தாலும் பிழைத்திருக்காது. ரப்பர் மீன் எனக்குப் பிடித்துப்போன காரணமே இதுதான். "இதை விடுவம் மாமா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தோணியைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்தார். வாலைப் பிடித்துத் தண்ணீரில் வைத்திருந்தேன். மூச்சு வாங்கியதும் கையை உதறிக்கொண்டு போனது.

பின்னேரம் மாமா என் பையைக் கிளறி ஒரு ஈயத் தலை முள்ளை எடுத்தார். ரப்பரை உருவிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிஞ்சியிருந்த ஒரேயொரு உயிர் இறாலை அதில் குத்தி எறிந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு நல்ல பாரை மீன் ஏறியது. நான் வெளிக்கிடும்போது கேட்டார்: "ரப்பர் வேணாம் மனே. இந்த ஈய முள்ளில நாலை மட்டும் தந்திட்டுப் போ."