கரண்ட் இல்லாத ஒரு வாரம்

2009 நவம்பர் மண்சரிவு சமயம் நான் ஊட்டில ஹாஸ்டல்ல இருந்தேன், குன்னூர் காட் ரோடு போச்சு, கரண்டும் போச்சு, மெஸ்ல மூணு வேளையும் ரசஞ்சோறும் கேரட் பொரியலும்தான் (கேரட் மட்டும் இங்க தீரவே தீராது), மெழுகுவத்தி வெச்சு எழுதின ரெக்கார்ட் நோட்டு மெழுகு சொட்டின பக்கத்தோட இன்னும் எங்கிட்ட இருக்கு. அம்மாக்கு போன் பண்ண சார்ஜ் இல்ல.

பாலஸ்தீனத்தோட காசா பகுதில 2007லருந்து இதே கதை, ஆனா அங்க வழிய அடைச்சது மழை இல்ல, இஸ்ரேலோட முற்றுகை. சுமார் 41 கிலோமீட்டர் நீளம், அதுக்குள்ளயே பொறந்து அதுக்குள்ளயே டிகிரி முடிச்ச பசங்க, நடுராத்திரி கரண்ட் வந்தா நடுராத்திரிதான் படிப்பு. 2008ல 7 பேருக்கு அமெரிக்காவுல போய் படிக்க அந்த நாட்டு அரசு குடுக்குற ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப் கிடைச்சும் வெளிய வர இஸ்ரேல் பர்மிட் தரலன்னு அமெரிக்காவே அத வாபஸ் வாங்கிடுச்சு, பேப்பர்ல நாறினப்புறம்தான் திருப்பி குடுத்தாங்க, அப்பவும் எல்லாராலயும் போக முடியல. படிச்சப்போ வயிறெரிஞ்சுது. 2023ல போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் யூனிவர்சிட்டி கட்டடங்களே இடிஞ்சு கெடக்கு.

எங்களுக்கு ஜேசிபி வந்துச்சு, மண்ண அள்ளுச்சு, மொத பஸ்லயே வீட்டுக்கு ஓடிட்டேன்.