அப்பாவின் 1971: பதிவு வேலை எதுவரை வந்திருக்கிறது

அப்பா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றை ஒட்டிக் கண்ணிவெடி அகற்றும் வேலை. அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து எழுதி வைக்க ஆரம்பித்தது, இப்போதுதான் ஓர் உருவத்துக்கு வந்திருக்கிறது.

கருவி செல்போன் ரெக்கார்டர்தான். ஃபேனை நிறுத்தி, ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்தால் போதும்.

"போர்ல என்ன செஞ்சீங்கப்பா?" என்றால், "எல்லாரும் செஞ்சதைத்தாம்மா" என்பதோடு சரி. கைவேலையைக் கேட்டால் நிறுத்த முடியாது. கண்ணிவெடியை எப்படித் தேடுவீர்கள் என்றதும், இந்த வயதில் பாயை இழுத்துப் போட்டுக் குப்புறப் படுத்துவிட்டார். கம்பியை நேராகக் குத்தக் கூடாது, சாய்வாக மண்ணுக்குள் விட வேண்டும். அப்போதுதான் முனை வெடியின் பக்கவாட்டில் முட்டும். மேலே அழுத்தினால் ஆள் காலி. சரிபார்த்த பாதைக்கு இருபுறமும் வெள்ளை நாடா கட்டுவார்களாம்.

டிசம்பர் 15 இரவு, பாதை முழுதாகத் தயாராகும் முன்பே நம் டேங்குப் படையான பூனா ஹார்ஸின் டேங்குகள் அதில் இறங்கிவிட்டன. அந்தப் படையின் அருண் கேதர்பால் மறுநாள் 21 வயதில் வீரமரணம் அடைந்து பரம் வீர் சக்ரா பெற்றார். இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். அப்பா அந்த இரவைப் பற்றிச் சொன்னது, விரல் மரத்துப்போய் நாடாவில் முடிச்சு விழவில்லை என்பது மட்டும்தான்.

மேற்கு முனையில் 17ஆம் தேதி போர்நிறுத்தம். ஆனால் அப்பாவின் கதைகளில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு நடந்தவை! துப்பாக்கி ஓய்ந்ததும் வயல்களில் புதைத்து வைத்ததை எடுக்கும் வேலை சாப்பர்கள் தலையில் விழுந்தது. 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் ஆன பிறகுதான் பிடித்த நிலத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடே தொடங்கியது. அப்பாவின் கூட்டாளி ஒருவர் இறந்துபோனது அந்த மாதங்களில். அவர் பெயர் வந்ததும் ரெக்கார்டரை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். எழுத்துப் படியில் "இங்கே நிறுத்தச் சொன்னார்" என்று மட்டும் இருக்கிறது.

வேலூர்த் தமிழும் பட்டாளத்து இந்தியும் கலந்த பேச்சு என்பதால் வாய்ஸ் டைப்பிங் கைவிட்டுவிட்டது. நானே கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். ஒரே கதையை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டும் இருக்கட்டும் என்பது என் கட்சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தணும் என்கிறான் அண்ணன். தேதிக்கு, பட்டாளத்திலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதே, அப்புறம் என்ன?

மெடல் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால் எழுத்து தெளிவாக விழுகிறது. பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்லேண்ட் லெட்டர்கள் ஒரு கட்டு கிடைத்தது. மடிப்பெல்லாம் இற்றுப் போயிருக்கிறது. அதனால் ஸ்கேனர் கண்ணாடியில் தட்டையாக வைத்தே எடுக்கிறேன். ஒன்றிலும் இடத்தின் பெயர் இல்லை, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய முகவரி மட்டும். "சண்டை முடிஞ்சுதுன்னு ரேடியோவுல சொல்லிட்டான், இவர் மட்டும் வரல" என்று அம்மா ஆரம்பித்தால், "அப்படியில்ல" என்று அப்பா குறுக்கே விழுகிறார். அடுத்த பதிவு அம்மாவுடையது. அப்பா மிலிட்டரி கேன்டீனுக்குப் போகும் நாளாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.