வலையமைப்பு மென்பொருளை விற்பவருக்கு முதலில் எதைக் கற்றுத்தர வேண்டும்

வலையமைப்புக் கண்காணிப்பு, சர்வர் மேலாண்மை, பேக்கப் போன்ற மென்பொருள்களை நிறுவனங்களுக்கு விற்கும் அணிகளுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. இந்தத் துறையில் நான் பார்த்த பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை தயாரிப்பின் வசதிகளில் தொடங்கி, அவற்றிலேயே முடிந்துவிடுகின்றன. அப்படிப் பயின்று வெளியே வரும் விற்பனையாளர், முகப்புத் திரையில் எத்தனை வகை வரைபடங்கள் தெரியும் என்பதைத் தடையின்றிச் சொல்வார். எதிரில் அமர்ந்திருக்கும் நெட்வொர்க் நிர்வாகி, "எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தரவு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. விடை கையேட்டில் இருக்கிறது. கேள்விக்குப் பின்னால் உள்ள தொல்லை கையேட்டில் இல்லை. என் பயிற்சியின் பெரும்பகுதி அந்தத் தொல்லையைப் புரியவைப்பதிலேயே செலவாகிறது.

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 1 கிகாபிட் கொள்ளளவுள்ள ஓர் இணைப்பு 30 விநாடிகள் முழுமையாக நிரம்பி, அடுத்த 270 விநாடிகள் 10 சதவீத அளவில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடச் சராசரி 19 சதவீதம் என்றுதான் வரும். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்த 30 விநாடிகளில் தொலைபேசி உரையாடல்கள் அறுந்துபோன ஊழியர்களோ நிர்வாகியைத் தேடி வருவார்கள். இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதில்லை, பயிற்சிக்கு வந்தவர்களையே போடச் சொல்கிறேன். தன் கையால் ஒருமுறை போட்டவர், வாடிக்கையாளரிடம் போய், "இப்போது நீங்கள் பயன்படுத்தும் கருவி ஐந்து நிமிடச் சராசரியைக் காட்டுகிறதா, அதற்கும் குறைந்த இடைவெளியிலா?" என்று தானாகவே கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு உரையாடலின் தரமே மாறிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

ஆகவே முதல் அமர்வுகளில் தயாரிப்பின் பெயரே வருவதில்லை. ஓர் ஊழியர் தன் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அந்தக் கோரிக்கை வைஃபை கருவி, ஸ்விட்ச், ஃபயர்வால், இணையச் சேவை வழங்குநர், பயன்பாட்டுச் சர்வர், தரவுத்தளம் என்று எந்தெந்த இடங்களைக் கடக்கிறது என்பதை ஒவ்வொருவரும் வரைய வேண்டும். இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். இடையில் எங்கே வருகிறது என்பதையும் குறிக்க வேண்டும். வரைந்த பிறகு, "நெட் ஸ்லோ" என்ற புகார் இவற்றுள் எங்கிருந்தெல்லாம் பிறக்கக்கூடும், ஒவ்வோர் இடத்திலும் அதைக் கண்டுபிடிப்பவர் யார், அவருக்கும் அடுத்த இடத்துக்குப் பொறுப்பானவருக்கும் எதில் தகராறு வரும் என்று விவாதிக்கிறோம். நெட்வொர்க் அணி சர்வர் அணியைக் கைகாட்ட, சர்வர் அணி தரவுத்தள அணியைக் கைகாட்டும் அந்தக் கூட்டங்களைக் குறைப்பதற்காகத்தான் பல நிறுவனங்கள் இத்தகைய மென்பொருளை வாங்குகின்றன என்பது, வரைபடம் முடிந்தபின் யாரும் சொல்லாமலே விளங்குகிறது.

பெரிய செயலிழப்புகளையும் பாடமாக வைக்கிறேன், ஆனால் அச்சுறுத்தி விற்பதற்காக அல்ல. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை முதன்மை வலையமைப்பைத் துண்டித்தது, அதனால் டி.என்.எஸ். சர்வர்களை எந்த வழியாக அடையலாம் என்று பிற வலையமைப்புகளுக்குச் சொல்லும் பாதை அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. கோளாறை ஆராய்வதற்கான உட்கருவிகள் பலவும் அதே டி.என்.எஸ்.ஸை நம்பியிருந்ததால் அவையும் பயனற்றுப் போயின. இதிலிருந்து விற்பனையாளர் எடுத்துச் செல்ல வேண்டியது ஒரே ஒரு கேள்வி: வலையமைப்பே விழுந்துவிட்டால், உங்கள் கண்காணிப்பு மென்பொருளின் எச்சரிக்கை எந்த வழியாக வெளியே வரும்? இதை வாடிக்கையாளரிடம் கேட்பதற்கு முன் தன் தயாரிப்பைப் பற்றிய விடையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், சொல்லவே வேண்டியிருக்கிறது.

சேவை கிடைக்கும் விகிதம் பற்றிய எண்களையும் மனப்பாடமாக இல்லாமல் கணக்காகவே பழக்குகிறேன். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 46 நிமிடச் செயலிழப்புக்கு இடம் உண்டு, 99.99 என்றால் சுமார் 53 நிமிடம், 99.999 என்றால் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். திட்டமிட்ட பராமரிப்பு நேரம் இதில் சேருமா என்பதை ஒப்பந்தத்தில் தேடச் சொல்லும்போதுதான், ஒரே சதவீதத்தை இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு பொருளில் எழுதக்கூடும் என்பது தெரிகிறது.

மென்பொருளைப் பயன்படுத்துபவரும் வாங்க ஒப்புதல் தருபவரும் ஒருவரல்லர் என்பது எல்லா விற்பனைப் பயிற்சியிலும் சொல்லப்படுவதுதான். 1990களில் பி.டி.சி. என்ற மென்பொருள் நிறுவனத்தில் உருவான 'மெடிக்' (வாங்கும் முடிவை எடுப்பவர் யார், எந்த அளவுகோலில் என்று சரிபார்க்கும் பட்டியல்) போன்ற முறைகள் அதை ஒழுங்காகப் பின்பற்ற உதவுகின்றன. அதைப் பற்றி இங்கு அதிகம் எழுதப்போவதில்லை. உள்கட்டமைப்பு மென்பொருளுக்கே உரிய சிக்கல் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடம் இருக்கிறது. கண்காணிப்பு மென்பொருள் ஏறக்குறைய எல்லாக் கருவிகளோடும் பேசுவதால், அது ஊரிலுள்ள அத்தனை வீட்டுச் சாவியையும் இடுப்பில் கட்டிய காவலாளியைப் போன்றது. அவனை யார் கண்காணிப்பது என்று அந்த அதிகாரி கேட்பது நியாயம். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருளின் புதுப்பிப்பில் தீய நிரல் நுழைக்கப்பட்டதும், அந்தப் புதுப்பிப்பு 18,000 வரையிலான வாடிக்கையாளர்களைச் சென்றடைந்திருக்கலாம் என்பதும் 2020 டிசம்பரில் வெளியான பிறகு, இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எந்த விற்பனையும் நகர்வதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதிலிருந்து, "உங்கள் புதுப்பிப்பை நாங்கள் முதலில் சில கணினிகளில் மட்டும் சோதித்துப் பார்க்க முடியுமா?" என்பதும் சேர்ந்துகொண்டது. கருவிகளிடமிருந்து தரவு கேட்டுப் பெறப் பயன்படும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் போன்ற அடையாளச் சரம் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இன்றியே செல்கிறது, மூன்றாம் பதிப்பில்தான் மறையாக்கமும் முறையான சரிபார்ப்பும் வந்தன என்ற அளவுக்காவது விற்பனையாளருக்குத் தெரிந்திருந்தால், அந்த அதிகாரியுடனான முதல் சந்திப்பைத் தாண்ட முடியும்.

லைசென்ஸ் கணக்குக்கு ஒரு முழு அமர்வு ஒதுக்குகிறேன். 48 போர்ட் (கேபிள் செருகும் இடம்) கொண்ட 100 ஸ்விட்ச்சுகள் இருக்கும் நிறுவனத்துக்குக் கருவி ஒன்றுக்கு ஒரு லைசென்ஸ் என்றால் 100 போதும். போர்ட் ஒன்றுக்கு ஒன்று என்றால் 4,800 வேண்டும். இரண்டு கொட்டேஷன்களை அருகருகே வைத்து ஒப்பிடும் கொள்முதல் அதிகாரிக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தெரியாதவர், விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி அறியாதவராகவே இருப்பார். உண்மையில் எல்லாப் போர்ட்டையும் கண்காணிக்க வேண்டுமா, ஸ்விட்ச்சுகளுக்கிடையிலான இணைப்புகளும் சர்வர் இணைப்புகளும் மட்டும் போதுமா என்று பேசத் தெரிந்தவர் இருவருக்கும் பொருந்தும் எண்ணிக்கைக்கு வந்துசேர்வார். லைசென்ஸ் முறையே நாளை மாறிவிடாதா என்ற அச்சமும் வாங்குபவரிடம் உண்டு. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் மெய்நிகர் சர்வர் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரைக் கையகப்படுத்தி, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாறியதை அவர்கள் மறக்கவில்லை. இதற்கு விற்பனையாளர் தன்னிச்சையாக எந்த வாக்குறுதியும் தரக்கூடாது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுக்கு விலை உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பயிற்சியில் நடிப்புப் பகுதியும் உண்டு. வாடிக்கையாளர் வேடத்தை இன்னொரு விற்பனையாளருக்குத் தருவதில்லை, ஏனென்றால் இருவருக்கும் தெரிந்தது ஒன்றே என்பதால் அது சீக்கிரமே சிரிப்பில் முடிகிறது. விற்பனைக்கு முன் தொழில்நுட்ப விளக்கம் தரும் ப்ரீ-சேல்ஸ் பொறியாளரோ வாடிக்கையாளர் சேவை அணியிலிருந்து வருபவரோ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். தெரியாத கேள்வி வரும் இடத்தில் விற்பனையாளர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கூர்ந்து கவனிக்கிறேன். "பொறியாளரைக் கேட்டு நாளைக்குள் எழுதி அனுப்புகிறேன்" என்பவருக்கு முழு மதிப்பெண். பூசி மெழுகுபவர், சோதனை நிறுவல் தொடங்கிய முதல் வாரத்திலேயே அகப்பட்டுக்கொள்வார். அந்தச் சோதனைக்கும் ஒரு விதி சொல்கிறேன்: எவை நிறைவேறினால் வெற்றி என்பதை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் நிறுவலைத் தொடங்கக் கூடாது. இல்லாவிட்டால் முப்பது நாள் சோதனை தொண்ணூறு நாளாக நீண்டு, யாரும் வேண்டாம் என்றும் சொல்லாமல், வேண்டும் என்றும் சொல்லாமல் கரைந்துபோகும்.

இவ்வளவையும் கேட்ட விற்பனை மேலாளர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்றுதான்: இலக்கு காத்திருக்கும்போது ஆட்களை இத்தனை நாள் உட்காரவைக்க முடியாது. அவர்களிடம் நான் குறைந்தபட்சமாகக் கேட்பது, புதியவரை ஒரு வாரம் வாடிக்கையாளர் சேவை அணியோடு அமர்த்தி, பழைய டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளர்களின் புகார்ப் பதிவுகளைப் படிக்கவிட வேண்டும் என்பதுதான். மைய ஸ்விட்ச் ஒன்று விழுந்ததும் அதன் பின்னால் உள்ள நூற்றுக்கணக்கான கருவிகளுக்கும் தனித்தனியே எச்சரிக்கை போய், எது மூலக் கோளாறு என்று தெரியாமல் ஒரு வாடிக்கையாளர் கோபத்தில் எழுதிய டிக்கெட், எந்தக் கருவி எதன் பின்னால் இருக்கிறது என்ற சார்புநிலையை மென்பொருளில் முன்கூட்டியே அமைப்பது பற்றி எந்த விளக்கப்படத்தையும்விட நன்றாகக் கற்பிக்கிறது. சில மேலாளர்கள் ஒரு வாரத்தை மூன்று நாளாகக் குறைக்கப் பேரம் பேசுகிறார்கள். மூன்று நாளுக்கும் நான் சம்மதிக்கிறேன், அந்த நாட்களில் கைப்பேசியில் விற்பனை அழைப்புகள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.