அல்பெர்க் 30 படகின் மேல்தளம்: இரண்டு குளிர்காலமும் ஒன்றரைக் கோடையும்

ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் உள்ள ஒரு படகுத்துறையின் காணியில், இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்கும் என் பாய்மரப் படகின் வலப்பக்க மேல்தளத்துக்குக் கடந்த சனிக்கிழமை கடைசித் துண்டு கண்ணாடியிழைத் துணியை ஒட்டி முடித்தேன். படகை வாங்கி இரண்டு குளிர்காலமும் ஒன்றரைக் கோடையும் கடந்துவிட்டன. இன்னும் அது நீரில் இறங்கவில்லை. பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கித் திருத்த எண்ணுபவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில், செய்தவற்றையும் பிழைத்துப்போனவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

படகு 1973ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அல்பெர்க் 30. ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள விற்பி நகரத்துப் படகுக் கட்டுமானத் தளத்தில் 1962 முதல் 1987 வரை இந்த வகைப் படகுகள் எழுநூறுக்கும் மேல் கட்டப்பட்டன. ஆகவே இந்த ஏரிக்கரையில் இது வெளியூர்ப் பொருள் அன்று. வடிவமைத்தவர் சுவீடனில் பிறந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட்டில் வாழ்ந்த கார்ல் அல்பெர்க். 1959இல் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் வந்து, கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகளைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டச்செய்த பியர்சன் ட்ரைற்றன் படகும் அவர் வரைந்ததுதான். அல்பெர்க் 30இன் மொத்த நீளம் 30 அடி 3 அங்குலம். நீர்மட்டத்தில் அளந்தால் 21 அடி 8 அங்குலம் மட்டுமே. அணியமும் பின்புறமும் நீருக்கு மேல் நீண்டு சரிந்து நிற்கும் அந்தப் பழைய அழகுக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். நானும் அதற்கு விதிவிலக்கல்ல. 9,000 இறாத்தல் எடையில் 3,300 இறாத்தல், படகைக் கவிழாமல் நிறுத்தும் இரும்பு அடிப்பாரம். அது படகின் அடியில் நீளும் ஏராவுக்குள்ளேயே வைத்துக் கண்ணாடியிழையால் மூடப்பட்டிருப்பதால், பிற படகுகளில் அடிப்பாரத்தைப் பிடித்துநின்று உரிமையாளரின் நித்திரையைக் கெடுக்கும் ஏரா ஆணிகள் இதில் இல்லை. கியூபெக்கைச் சேர்ந்த இவ் ஜெலினா இதே வகைப் படகில் 1981இல் பிரான்சின் சென் மாலோவிலிருந்து உலகைச் சுற்றத் தனியாகப் புறப்பட்டு, தென்கடலில் பாய்மரத்தை இழந்து, நியூசிலாந்தின் சதாம் தீவுகளில் அதைச் சீர்செய்துகொண்டு, 1983இல் கியூபெக்கின் கஸ்பே வந்து சேர்ந்தார் என்பதை அறிந்தபின் அடிக்கட்டின் வலிமையைப் பற்றி எனக்கு ஐயமே எழவில்லை.

ஆனால் வாங்கும்போது பார்க்கவேண்டியது அடிக்கட்டை அன்று, மேல்தளத்தை. இதை எனக்கு முதலில் உணர்த்தியவர் வல்வெட்டித்துறையில் இளமையில் மரக்கலங்களின் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலை செய்த என் பெரியப்பா. படங்களை அனுப்பியபோது அவர் பூச்சையும் பாயையும் பற்றி எதுவும் கேட்கவில்லை. "தம்பி, தண்ணி எதால உள்ளுக்கு வருது எண்டதை முதல் பார். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றார். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அது 1938இல் எங்கள் ஊர் மாலுமிகளோடு மாசசூசெட்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. மார்பிள்ஹெட்டும் அதே கரையில்தான் இருக்கிறது. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் பெரிதும் மகிழ்ந்தார்.

மூன்று படகுகளைப் பார்த்தேன். ஒன்றை உரிமையாளர் இலவசமாகவே தருவதாகச் சொன்னார். மேல்தளத்தில் கால்வைத்த இடமெல்லாம் அமுங்கியது. கண்ணாடியிழை உக்காது, எரிக்கவும் கூடாது. கைவிட்ட படகை அப்புறப்படுத்தப் பணம் கட்டவேண்டும். ஆகவே இலவசப் படகு என்பது பிறருடைய கடனை நாம் ஏற்றுக்கொள்வதுதான். இரண்டாவது படகின் விற்பனைச் சீட்டும் உரிமக் கடதாசியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அதையும் விட்டுவிட்டேன். மூன்றாவதை 3,800 டொலருக்கு வாங்கினேன்.

வாங்குமுன் மேல்தளம் முழுவதையும் பிளாஸ்ரிக் தலை கொண்ட சிறு சுத்தியலால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிப் பார்த்தேன். சந்தையில் மண்சட்டி வாங்குபவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பதைப் போன்றதுதான் இது. நல்ல இடம் இறுக்கமாக, உயர்ந்த ஒலியில் பதில் சொல்லும். கெட்ட இடம் சுருதி இறங்கி மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போனபோது, ஒவ்வொரு கோட்டு வளையத்தின் நடுவிலும் ஏதோவொரு ஆணியோ, ஓரக் கைவடத்தைத் தாங்கும் தூணோ இருந்ததைக் கண்டேன். இந்த முழு வேலையின் சாரமும் அந்தப் பென்சில் வளையங்களிலேயே தெரிந்துவிட்டது.

காரணம் இதுதான். மேல்தளம் ஒரே தட்டு அன்று. மேலே ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் கண்ணாடியிழை, கீழே அதைவிட மெல்லிய இன்னொரு தட்டு, இரண்டுக்கும் இடையே 12 மில்லிமீற்றர் தடிப்பில் பல்சா மரக் கட்டைகள், இழைமுனை மேல்நோக்கியபடி. இரண்டு தட்டுகளையும் அந்த மரம் விலக்கி நிறுத்துவதால்தான் குறைந்த எடையில் தளம் விறைப்பாக நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொரு உரிமையாளரும் தத்தம் தேவைக்குத் துளையிட்டு, அதில் சிலிக்கனைப் பூசி ஆணியை முறுக்கினார்கள். பூச்சு காய்ந்து விலகியதும் ஆணியோரமாக நீர் இறங்கியது. பலகை வைத்துக் கட்டிய மரக்கலத்துக்கு ஈரம் நன்மை செய்யும். பலகை ஊதிப் பொருத்துவாய் இறுகும். இங்கே உள்ளே போன நீருக்கு வெளியேற வழியில்லை. மரம் ஊறி, உக்கி, தட்டிலிருந்து விலகிவிடுகிறது. நன்னீர் ஏரி என்பதால் எங்கள் படகுகளின் உருக்கு வடங்களும் ஆணிகளும் கடற்படகுகளைவிட நீண்டகாலம் வாழ்கின்றன. ஆனால் உப்பு செய்யாத கேட்டைப் பனி செய்கிறது: தட்டுகளுக்கு இடையே நின்ற நீர் சனவரியில் உறைந்து பருத்து, ஒட்டியிருந்த இடத்தையும் பிரித்துவிடுகிறது.

முதல் குளிர்காலத்தில் பிசின் வேலை எதுவும் செய்ய இயலவில்லை. நான் பயன்படுத்துவது வெஸ்ற் சிஸ்ரம் எபொக்சி, கடினமாக்கி கலந்தால் இறுகும் பிசின். அதன் விரைவு வகைக் கடினமாக்கிக்கே குறைந்தது 4 பாகை செல்சியஸ் வேண்டும். மெதுவான வகைக்கு 16 பாகை. ஆகவே படகின் மேல் கட்டிய கூடாரத்துக்குள் அமர்ந்து, தூண்கள், கயிறு கட்டும் கிளீற்றுகள், கயிற்றை இறுக்கும் வின்ச்சுகள், பாய்மரத்தின் உருக்கு வடங்களைப் பூட்டும் செயின்பிளேட்டுகள் அனைத்தையும் கழற்றி, இலக்கமிட்டு, வீட்டு நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோனேன். மேல்தளத்தில் 112 துளைகளை எண்ணினேன். அவற்றில் 31 துளைகளுக்கு இப்போது எந்த வேலையும் இல்லை. எவரோ எப்போதோ எதற்கோ போட்டுக் கைவிட்டவை.

மே மாதத்தில் இடப்பக்கத்தைத் திறந்தேன். வட்ட வாளின் அலகை மேல்தட்டின் தடிப்புக்கு மட்டும் இறக்கி, ஓரங்களில் 5 சென்ரிமீற்றர் விளிம்பை விட்டு வெட்டினேன். நெம்புகோலைச் செருகித் தட்டைக் கிளப்பியபோது எதிர்ப்பே இல்லாமல் எழுந்தது. உள்ளே பல்சா கரும்பழுப்பு நிறத்தில், ஊறிய பழஞ்சோறுபோல இருந்தது. அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் வழிந்தது. குளத்தடியில் மக்கிய இலைகளின் மணம் எழுந்தது. ஆனால் வளையத்துக்கு வெளியே இரண்டு சாண் தள்ளிப் போனதும் அதே மரம் 1973இல் வைத்தபடி வெளிர்மஞ்சளாய், உலர்ந்து, உளியால் குத்தியே பெயர்க்கவேண்டிய உறுதியோடு இருந்தது. அந்த எல்லைக்கோட்டை நான் நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருள் பழையதாகிப்போனதால் கெடவில்லை. ஒரு துளையை ஒழுங்காக அடைக்காததால் கெட்டது. நல்ல மரத்தை அப்படியே விட்டேன்.

திறந்த தளத்தை மூன்று வாரம் தறப்பாளின் கீழ் காயவிட்டேன். அவசரப்பட்டு அசிற்றோன் ஊற்றித் துடைத்தால் உலர்ந்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. காற்றும் நாட்களும்தான் உலர்த்துகின்றன. பிறகு புதிய பல்சாத் தட்டுகளை அளவுக்கு வெட்டிப் பொருத்தினேன். இழைமுனை பிசினைக் குடிக்கும். ஆகவே முதலில் தடிப்பாக்காத எபொக்சியைத் தூரிகையால் ஊட்டி, அது பசபசப்பாக இருக்கும்போதே சிலிக்காத் தூள் சேர்த்த கலவையைப் பரப்பவேண்டும். கலவையின் பதம் இட்டலி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாததாக இருக்கவேண்டும். தூண்கள் நிற்கும் இடங்களில் பல்சாவையே வைக்காமல், துணியடுக்குகளால் முழுத் தடிப்பையும் நிரப்பினேன். பழைய மேல்தட்டையே திரும்ப ஒட்டி, காற்று வெளியேற இடையிடையே சிறு துளைகள் இட்டு, பொலித்தீன் விரித்து, மண்மூட்டைகளை அடுக்கினேன். ஒவ்வொரு சிறு துளையிலும் பிசின் முட்டைபோல் எழுந்து நின்றால் கீழே வெற்றிடம் இல்லை என்று பொருள்.

யூலையில் ஒரு நாள், 31 பாகை வெப்பத்தில், நேரத்தை மிச்சம்பிடிக்க எண்ணி ஒரே கோப்பையில் அரை லீற்றருக்கு மேல் கலந்தேன். ஐந்து நிமிடத்தில் கோப்பை கையைச் சுட்டது, புகை எழுந்தது. பரப்பியிருந்த பகுதியும் தட்டை வைக்குமுன்னரே இறுகத் தொடங்கிவிட்டது. மூட்டைகளை ஏற்றி அழுத்தியும் பயனில்லை. மறுநாள் தட்டியபோது ஒன்றரை அடி நீளத்துக்குப் பழைய மந்த ஒலியே கேட்டது. அங்கே பதினெட்டுத் துளைகள் இட்டு, ஊசிக்குழாயால் பிசினைச் செலுத்தி ஓரளவு சரிசெய்தேன். முழுமையாகச் சரியாயிற்று என்று சொல்லமாட்டேன். சுத்தியலின் ஒலி அந்த இடத்தில் இன்னும் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கிறது. அதன்பின் ஒருமுறைக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் கலப்பதில்லை, காலை பத்து மணிக்குப்பின் ஒட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வெட்டிய விளிம்பை மூடும்போது 12க்கு 1 என்ற சரிவில் இருபுறமும் தேய்த்தேன். 3 மில்லிமீற்றர் தட்டுக்கு இது 36 மில்லிமீற்றர். அந்தச் சரிவின் மேல் அகலம் குறைந்ததிலிருந்து கூடியதாகத் துணிப்பட்டைகளை அடுக்கினால்தான் சுமை பழைய தட்டிலிருந்து புதியதற்குத் தடையின்றிக் கடக்கும். ஒவ்வொரு அடுக்கும் இறுகியபின் மேலே படியும் மெழுகு போன்ற படலத்தை நீராலும் உரசுபட்டையாலும் கழுவாமல் அடுத்ததை ஒட்டக்கூடாது. தேய்க்கும் நாட்களில் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். எபொக்சி தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்தால் பிறகு விலகாது.

துளைகளுக்குச் செய்ததை ஒருவர் ஒரு துளைக்காவது இன்றே செய்துபார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன். 8 மில்லிமீற்றர் ஆணித் துளையை 16 மில்லிமீற்றராக அகட்டி, கீழே நாடாவால் அடைத்து, முதலில் மெல்லிய எபொக்சியாலும் பிறகு கெட்டிக் கலவையாலும் நிரப்பி, இறுகியபின் நடுவில் மீண்டும் 8 மில்லிமீற்றர் துளையிடவேண்டும். இப்போது ஆணியோரமாக நீர் கசிந்தாலும் அது மரத்தைத் தொடாது. கீழே சொட்டித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். துளையின் வாயைச் சற்றுக் குழித்து, அதில் பியூட்டைல் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடாவைச் சுற்றி, ஆணியை ஒரே நாளில் முறுக்கிவிடாமல் மூன்று நாட்களாகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். பழைய சிலிக்கன் இருந்த இடங்கள்தான் அதிகம் படுத்தின. கண்ணுக்குத் தெரியாத அதன் படலத்தின் மேல் எதுவும் ஒட்டாது, தேய்த்தே அகற்றவேண்டும்.

இரண்டாம் குளிர்காலம் பாய்மரத்தின் கீழ் உள்ள குறுக்குவளைக்குப் போயிற்று. இந்தப் படகில் பாய்மரம் மேல்தளத்தில்தான் நிற்கிறது. அதன் சுமையைத் தளத்தின் கீழே ஒரு மரவளை தாங்குகிறது. வாங்கும்போதே முன்னறைக் கதவு நிலையில் உரசியது. பழைய அல்பெர்க் 30 படகுகளில் வளை தாழ்ந்ததற்கு அதுவே அறிகுறி. நூல் பிடித்து அளந்தபோது நடுவில் 14 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. இங்கும் காரணம் நீரே: பாய்மர விளக்குக் கம்பிக்காக இட்ட துளை வழியே இறங்கி வளையின் ஒரு முனையை உக்கவைத்திருந்தது. பாய்மரம் இறக்கப்பட்டிருந்த காலத்தில் ஜாக்கி வைத்து வாரம் இரண்டு மில்லிமீற்றராக உயர்த்தி, உக்கிய முனையை வெட்டிப் புதுமரம் இணைத்து, இருபுறமும் அலுமினியத் தகடு வைத்து ஊடுருவ ஆணியிட்டேன். கதவு இப்போது விரலால் தள்ளினாலே மூடுகிறது.

செலவைப் பொறுத்தவரை, எபொக்சி, துணி, பல்சா, தேய்ப்புத் தாள் ஆகியவற்றுக்கு 2,600 டொலர் வரை போயிருக்கிறது. காணி வாடகை படகின் விலையைத் தாண்டிவிட்டது. பெற்றோல் இயந்திரத்தை இன்னும் தொடவில்லை.

இடப்பக்கத்துத் தூண்களும் செயின்பிளேட்டுகளும் மே மாதத்திலேயே பொருத்தியாயிற்று. கடந்த செவ்வாய் இரவு கடும் மழை பெய்தது. அதற்கு முதல்நாள், உள்ளே ஒவ்வொரு ஆணி முனையின் கீழும் செய்தித்தாள் துண்டொன்றை வைத்துவிட்டு வந்திருந்தேன். புதன்கிழமை வேலைக்குப் போகுமுன் கைவிளக்கோடு ஏறிப் பார்த்தேன். முப்பத்தாறு துண்டுகள் நொறுங்கும்படி உலர்ந்திருந்தன. நடுச் செயின்பிளேட்டின் கீழ் இருந்த துண்டில் மட்டும் ஒரு டொலர் நாணயம் அளவுக்கு ஈரம் இருந்தது. சனிக்கிழமை அதைக் கழற்றுகிறேன்.