புகைவீடும் பரபக்கமும்

நம் வகுப்பில் படித்தவர்கள் கணக்கியல், சட்டம், தாதிமை என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். தத்துவத்தில் எம்.ஏ. படிக்க மெட்ராஸ் போனவன் நான் ஒருவன்தான். லண்டனிலும் மெல்பர்னிலும் இருக்கிற நண்பர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம், "அதைப் படித்து என்ன கண்டாய்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். டீக்கடையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பால்மரம், அதாவது ரப்பர் மரம். மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் தோட்டப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையில் நாம் படித்தோம். பள்ளியைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எங்கள் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தத்துவம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அப்பா பால் வெட்டுக்காரர், சுயமரியாதைக்காரர். பெரியார் 1954-இல் இரண்டாம் முறையாக மலாயா வந்தபோது அவர் பேச்சை நேரில் கேட்டவர். சித்தப்பாவுக்கு, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டு உலர்த்தும் தோட்டத்துப் புகைவீட்டில் வேலை. மாரியம்மன் கோயிலில் தேவாரம் பாடுவார். அடுத்தடுத்த வீடு. சாயங்காலம் வெற்றிலையோடு உட்கார்ந்தால் கடவுள், உயிர், வினை என்று தொடங்கிவிடுவார்கள். பாதியில் குரல் ஏறும். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. இருவர் மேலும் எனக்கு உயிர். யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் முடித்த பிறகு, பினாங்கில் 'சிதம்பரம்' கப்பல் ஏறி மெட்ராஸ் போனேன். சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்த வளாகம், சிசோம் கட்டிய செனட் மண்டபம், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் எல்லாரும் எழுதுகிறவைதான். வகுப்புக்கே போய்விடலாம்.

தருக்க வகுப்பில் முதலில் வந்தது, இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய மரபின் அனுமானம், அதாவது கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது. மலையில் தீ உண்டு, புகை இருப்பதால், அடுக்களையில் போல. இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டு. ஆசிரியர் அடுத்து ஒன்று கேட்டார்: "புகையைக் கண்டு தீயை ஊகிக்கலாம். தீயைக் கண்டு புகையை ஊகிக்கலாமா?" கூடாது என்றது நூல். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. தீயோடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை. ஊகத்துக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கூடுதல் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். எனக்கு உடனே சித்தப்பாதான் நினைவுக்கு வந்தார். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவது எப்படி என்று எழுந்து விளக்கினேன். காய்ந்த விறகு மட்டும் போட்டால் அனல்தான் ஏறும். பச்சை விறகைச் சேர்த்து, காற்றை அடக்கி வைத்தால்தான் புகை எழும். ஆசிரியர் அன்று முழுவதும் அந்தப் புகைவீட்டையே வைத்துப் பாடம் நடத்தினார். தோட்டத்து வேலைக்குள் இவ்வளவு நுட்பமான அறிவு இருக்கிறது என்பதை ஒரு பல்கலைக்கழக வகுப்பு ஏற்றுக்கொண்ட அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

கான்ட், ஹியூம், அறவியல் எல்லாம் படித்தேன். கான்ட்டைப் புரிந்துகொள்ள ஒரு பருவம் முழுக்கப் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் வாழ்க்கையில் தங்கியது சிறப்புப் பாடமாக எடுத்த சைவ சித்தாந்தம். அதிலும் அருள்நந்தி சிவாச்சாரியார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கம். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பதினான்கு பிற மதங்களை எடுத்துச் சொல்லி மறுக்கும் பகுதி அது. வரிசையில் முதலில் நிற்பவன் கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்கிற உலகாயதன். அவன் கட்சியை, அதாவது அவன் தரப்பு வாதத்தை, முதலில் அவன் வாயாலேயே சொல்ல விடுகிறார் அருள்நந்தி. அதற்குப் பிறகுதான் மறுப்பு.

எங்கள் ஆசிரியர் கருத்தரங்கில் இதையே விதியாக வைத்திருந்தார். மறுக்கப்போகும் கட்சியை, அந்தக் கட்சிக்காரன் கேட்டால் 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். அதைச் செய்யாதவரை மறுப்புக்குப் போகவிட மாட்டார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இது புதிதில்லை. அங்கே படித்த ராதாகிருஷ்ணன் 1908-இல் வெளியிட்ட எம்.ஏ. ஆய்வுரையே, வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை எதிர்கொண்டு எழுதியதுதான்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் வழக்கம்போல வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் சித்தப்பாவிடம் உலகாயதன் கட்சியை எடுத்து வைத்தேன். வெற்றிலையில் சிவப்பு இல்லை, பாக்கிலும் சுண்ணாம்பிலும் இல்லை. மூன்றும் சேர்ந்தால் சிவப்பு வருகிறது. அதுபோல நிலம், நீர், தீ, காற்று சேர்ந்தால் அறிவு தோன்றுகிறது, பிரிந்தால் போய்விடுகிறது. தனியாக உயிர் எதற்கு? சித்தப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டார். அப்பா, "இத யாருப்பா சொன்னது?" என்றார். "சைவப் புத்தகத்தில் இருக்கு" என்றேன். அவரால் நம்ப முடியவில்லை.

அப்புறம் அப்பாவிடம் சித்தாந்தி பக்கத்தைச் சொன்னேன். சைவ சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்பதற்குத் தரும் காரணங்களில் ஒன்று: 'எனது உடல்' என்கிறோம், ஆகவே உடல் வேறு, அதை எனது என்பவன் வேறு. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "என் உயிருன்னும்தான் சொல்றோம். அப்ப உயிருக்குப் பின்னால இன்னொருத்தன் இருக்கானா?" என்றார். நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்த எனக்கு அந்தத் தடை தோன்றியதே இல்லை. ஆறாம் வகுப்புவரை மட்டும் படித்த மனிதர். சித்தப்பா பதில் சொல்ல முயன்றார், அப்பா இடைமறிக்காமல் கேட்டார். அதுதான் நான் கண்டது, நண்பர்களே. அவர்கள் கருத்து மாறவில்லை. கடைசிவரை அப்பா கோயிலுக்குள் போகவில்லை, சித்தப்பா திருநீற்றை விடவில்லை. ஆனால் அதன் பிறகு இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டார்கள்.

இன்று அந்தத் தோட்டம் செம்பனையாகிவிட்டது (எண்ணெய்ப்பனை), புகைவீடு இல்லை. நான் இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். சனிக்கிழமை மாலைகளில் சில இளைஞர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் மருந்தகத்தில் வேலை செய்கிறார். பரபக்கத்தில் உலகாயதனை முடித்துவிட்டு இப்போது பௌத்தர்களிடம் வந்திருக்கிறோம். ஆசிரியர் வைத்திருந்த விதியே இங்கேயும்.

எங்களுக்குப் புத்தகம் வேண்டும். வ. ஆ. தேவசேனாபதி சித்தியாரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, மெட்ராஸ் பல்கலைக்கழகம் 1960-இல் வெளியிட்ட நூல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். மணிமேகலை உரையோடு இருந்தால் அதுவும் வேண்டும். தருக்கம் படிக்க அதன் 29-ஆம் காதை தேவைப்படுகிறது. பழைய பிரதி போதும். ஓரத்தில் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளை அழிக்க வேண்டாம், அவற்றோடும் சேர்த்து வாதாடுவோம்.